காத்து வாங்கும் நேரம்

நீங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் நிரப்புகிற நீர்ப் படிவத்தின் பதினோராவது கட்டத்தைப் பார்த்துச் சிரித்தீர்களாம். செய்தி வந்துவிட்டது. ஓய்வு பெற்றவளுக்குக் காதும் ஓய்வு பெற்றிருக்கும் என்று நினைத்தீர்களாக்கும். அந்தக் கட்டத்தில் 'காத்து வாங்கும் நேரம்' என்று அச்சாகியிருக்கிறது. உங்களில் ஒருவர், பெயர் சொல்லி மானத்தை வாங்கமாட்டேன், அதற்கு நேரே 'மாலை 5 முதல் 6 வரை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஊர்ச்சனம் எத்தனை மணிக்கு வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குகிறது என்று அரசாங்கம் விசாரிப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்தபோது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். பொன்னாடை, வரவேற்புரை, குழுப்படம் என்று நேரத்தைத் தின்றுவிட்டு, என் முறை வந்ததும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் வரைபடம் கிடையாது, மாதிரிக் கணக்கு கிடையாது. அவையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. அது வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு.

வெயில் ஏறிக்கொண்டே போகிறது, மழை சொன்ன மாதத்தில் வருவதில்லை, தறியும் கோழியும் காடும் எப்படிப் பிழைக்கும், சேலமும் நாமக்கல்லும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டமாகப் போடுங்கள் என்று இரண்டு மாவட்ட அதிகாரிகளான எங்களுக்கு மேலிடத்தில் சொன்னார்கள். நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் தெரியாது. எங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. சேலத்தின் சார்பில் நான். நாமக்கல் சார்பில் என் வயதுக்காரர் ஒருவர். திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக்கு வண்டிக் குடும்பத்தில் பிறந்து அலுவலகத்துக்கு வந்தவர். கடைசிவரை அவரை நான் மனதுக்குள் நாமக்கல்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் ஆறு மாதம் நாங்கள் செய்த கூட்டு வேலை சண்டைதான். சண்டை என்றால் நான் போடுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டம் சேலத்திலா நாமக்கல்லிலா, அறிக்கையின் அட்டையில் எந்த மாவட்டப் பெயர் முதலில் வர வேண்டும், எல்லாவற்றுக்கும் சண்டை. நான் மூச்சு வாங்க நிறுத்தும்போது அவர் பேனாவை மூடிக்கொண்டு, "சரீங்க மேடம், பார்க்கலாமுங்க" என்பார். அந்தப் பணிவு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசேன் ஐயா என்று மனதில் திட்டுவேன்.

ஒரு பங்குனியில் கரட்டூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. கரட்டூர் எங்கள் மாவட்டத்துக் கடைசி ஊர். அதைத் தாண்டினால் வெண்ணந்தூர்ப் பக்கம், நாமக்கல் மாவட்டம். பெயரை மாற்றியிருக்கிறேன், தேடிக்கொண்டு போகாதீர்கள். அங்கே கோமதி என்ற பெண் தகரக் கொட்டாயில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள், உச்சி வெயிலில் மயங்கி ஓடுகிற தறியின் மேலேயே விழுந்துவிட்டாள். வலது கையில் ஏழு தையல். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தையல் பிரித்த நான்காம் நாள் அதே கொட்டாய்க்கு வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவாள்?

இதைக் கூட்டத்தில் படித்தேன். மறுநாள் நாமக்கல்காரர் போன் செய்து, "எருமப்பட்டி வரைக்கும் வாரீங்களா மேடம், ஒண்ணு காட்டோணும்" என்றார். போனேன். ஒரு கோழிப்பண்ணைக்குள் கூட்டிப்போனார். நீளமான, நாலு பக்கமும் அடைத்த கொட்டாய். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான அட்டை, அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. எதிர்ப்பக்கம் பெரிய பெரிய ஃபேன்கள், வெளிக்காற்றை அந்த ஈர அட்டை வழியாக உள்ளே இழுக்கின்றன. வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே மார்கழி. கோழிகள் சொகுசாகத் தீனி கொத்திக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றின் மேல் பொறாமை வந்தது, சத்தியமாக.

"கோழிக்கு வெயில் தாங்காதுங்க மேடம். செத்துப்போயிருங்க" என்றார்.

"மனுசனுக்கு மட்டும் தாங்குமா?"

"மனுசன் மயங்கித்தானுங்க உழுவான். மறுநா வேலைக்கு வந்துருவான். அதனால யாரும் இத மனுசனுக்குக் கட்டலீங்க."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அங்கேயே நின்று திட்டத்தைப் போட்டோம். கோழிக்குக் கட்டுகிற மாதிரியே தறிக்கு ஒரு பொதுக் கூடம். இரண்டு மாவட்டத்து எல்லையில் ஒரே ஒரு கூடம், முதலில் அதைக் கட்டிப் பார்ப்பது. ஈரக் காற்றில் நூல் இழையும் அவ்வளவாக அறாது, தறிக்கும் நல்லது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "ஒண்ணுங்க மேடம். பகல் பூரா அட்டை மேல தண்ணி ஓடிட்டே இருக்கோணும். நின்னுதுன்னா அடச்ச கொட்டாய், தகரக் கொட்டாயை விட மோசமாப் போயிரும்." நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கூடத்தை எந்த ஊரில் கட்டுவது? எங்கள் கரட்டூரா, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ஓடைக்காடா? இந்த இரண்டு இடத்தில்தான் பொது நிலம் இருந்தது. தண்ணீர் எங்கே அதிகமோ அங்கே என்று முடிவு செய்தோம். அதற்குப் படிவம் எழுதியது நான். பத்துக் கட்டம். பத்தாவது கட்டம், 'போரில் தண்ணீர் எத்தனை இஞ்சு?'

நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் போர்த் தண்ணீரை இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள். லிட்டரில் கேட்டால் முழிப்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை வேறு. வெளியூரிலிருந்து வந்த அதிகாரியாக இருந்தால் "இஞ்சா, எதில் இஞ்சு?" என்று கேட்டிருப்பார். நான் உள்ளூர்க்காரி, கேட்கவில்லை.

படிவங்கள் திரும்பி வந்தன. கரட்டூர், இரண்டு இஞ்சு. ஓடைக்காடு, ஒரு இஞ்சு. கூட்டத்தில் நான் அதைப் படித்த தோரணையை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. நாமக்கல்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒருக்கா நேர்ல போயி ரெண்டையும் பாத்துட்டு வந்துருலாமுங்களா மேடம்?"

"ஏன் சார், நாமக்கல்லுக்குக் கிடைக்கலேன்னா மட்டும் நேர்ல பாக்கணுமா? உங்களுக்குக் கிடைச்சிருந்தா பாப்பீங்களா?"

பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறை. அவர் பேனாவை மூடினார். "இல்லீங்க மேடம், சரீங்க" என்றார். கரட்டூர் என்று எழுதியாயிற்று.

ஊர்க் கூட்டம் போட்டுச் சொன்னபோது கரட்டூருக்குத் தலைகால் புரியவில்லை. ஊராட்சித் தலைவர் எனக்கு மாலை போட்டார், நானும் கழுத்தை நீட்டினேன். கோமதி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தழும்பு விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு. கூடம் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "நெசமாலுமே கோழிக்கொட்டாய் மாதிரி சில்லுன்னு இருக்குமுங்களா மேடம்?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அவளுடைய அம்மா பாவாயி பின்னால் கம்பத்தோரம் நின்றாள். பாவாயிதான் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஆப்பரேட்டர். காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருவுக்குத் தெரு வால்வு திறந்துவிடுகிற வேலை. படிவத்துக்கு 'இரண்டு இஞ்சு' என்று சொன்னவளும் அவள்தான். ஊரே கை தட்டியது. அவள் தட்டவில்லை. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை பூமி பூஜை என்று குறித்தார்கள். இரண்டு கலெக்டர்களும் வருகிறார்கள். திங்கட்கிழமை காலை பந்தல் வேலையைப் பார்க்கப் போனேன். கையெல்லாம் செம்மண். கழுவலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனால் பாவாயி அப்போதுதான் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை.

"ஏம்மா, அதுக்குள்ள நிறுத்திட்டே?"

"காத்து வாங்குதுங்க மேடம்."

இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில். சாயங்காலமானால் மலையிலிருந்து காற்று இறங்கும், தெருவே நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டு காற்று வாங்கும். எனக்குத் தெரிந்த காற்று வாங்கல் அதுதான். 'வாங்குது' என்றது காதில் 'வாங்கறேன்' என்றே விழுந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காலங்காத்தால என்னம்மா காத்து? தொட்டியை ரொப்பிட்டு அப்புறமா வாங்கு."

பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானில்லீங்க மேடம். மோட்டாரு" என்றாள்.

பிறகு விளக்கினாள். போரில் தண்ணீர் இறங்கி இறங்கி மோட்டாரின் வாய்க்குக் கீழே போய்விடுகிறது. அதன்பின் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, வெறும் காற்றை இழுக்கிறது. பைப்பு இருமுகிற மாதிரி விட்டு விட்டுக் கக்கும். அப்படியே ஓடவிட்டால் மோட்டார் கருகிவிடும். மறுபடியும் தண்ணீர் ஊறுவதற்கு மறுநாள் காலையாகும்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"இப்பத் தையிலயே ஒரு மணி நேரந்தானுங்க. சித்திரையில முக்கா மணி ஓடுனாலே பெருசு. அதுலதான் ஊரு பூரா குடிக்கோணும்."

"பின்ன ரெண்டு இஞ்சு தண்ணின்னு எழுதிக் கொடுத்திருக்கே?"

"ரெண்டு இஞ்சுதானுங்களே. தொட்டுப் பாருங்க." தொட்டியில் போய் விழுகிற குழாயைக் காட்டினாள். குழாயின் வாய் இரண்டு இஞ்சு அகலம்.

தொட்டுப் பார்த்தேன். என் வீட்டுப் போருக்கும் நான் இப்படித்தான் சொல்வேன். ஒன்றரை இஞ்சுத் தண்ணி, ஒன்றரை இஞ்சுப் பைப்பு, எல்லாம் ஒன்றே. குழாயின் அகலம் தண்ணீரின் அளவு ஆகாது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பந்தலைப் பார்த்தேன். அந்தக் கூடம் இந்தப் போரில்தான் பகல் பூரா ஓட வேண்டும். கூடத்துக்குத் தண்ணீர் விட்டால் கரட்டூர் குடிக்க முடியாது. கரட்டூர் குடித்தால் அடைத்த கூடத்துக்குள் நாற்பது பேர் வேகுவார்கள், அவர்களில் கோமதியும் ஒருத்தி.

கோபம் யார் மேலாவது போக வேண்டுமே. பாவாயி மேல் போனது. "ஊர்க் கூட்டத்துல சொல்லியிருக்கலாமில்ல? வாயில கொழுக்கட்டையா?"

"யாருங்க கேட்டீங்க? எத்தன இஞ்சுன்னாங்க, சொன்னேன். எத்தன நேரம்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அப்புறம் அவளே பேசினாள், குரல் இறங்கிவிட்டது.

"கேக்கலேன்னாலும் சொல்லியிருக்கோணுங்க. தெரிஞ்சேதான் வாய மூடிட்டு இருந்தேன். எம்புள்ள மறுக்கா அந்தத் தகரத்துக்குள்ள போகக் கூடாதுன்னு இருந்துச்சுங்க. கூட்டம் முடிஞ்ச நாள்லருந்து சோறு எறங்கலீங்க. சித்திரையில கொடத்தத் தூக்கிட்டு அல்லாரும் எங்கிட்டத்தான வருவாங்க?"

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பந்தல் போட்டாச்சு, பூஜையை முடிச்சிடுங்க. தண்ணிதானே, அப்புறம் லாரியில விட்டுக்கலாம்" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கிளம்பவில்லை. நான் ஒன்றும் உத்தமி இல்லை. பூஜையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. சித்திரையில் பிரச்சினை வரும்போது அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நினைத்ததை நினைத்ததாக எழுதுகிறேன், நீங்களும் ஒரு நாள் அப்படி ஜீப்பில் உட்கார்வீர்கள் என்பதற்காக. பிறகு ஒரு சின்னக் கேள்வி வந்தது. லாரியில் தண்ணீர் விடுவது சரி, லாரி எங்கே போய்த் தண்ணீர் பிடிக்கும்? ஓடைக்காட்டில்தான், அந்தப் பக்கத்து லாரியெல்லாம் அங்கேதான் பிடிக்கும். தண்ணீரை இங்கே தூக்கி வருவதற்குப் பதில் கூடத்தை அங்கே கட்டினால் என்ன?

ஆனால் ஓடைக்காட்டுக்கு ஒரு இஞ்சுதானே எழுதியிருக்கிறது? நாமக்கல்காரருக்குப் போன் செய்தேன். அவமானமாகத்தான் இருந்தது. இரண்டு இஞ்சு என்றது பைப்பு இஞ்சு சார் என்றேன்.

"அட சாமி" என்றார். "எங்க இஞ்சு பைப்பு இல்லீங்க மேடம். அது பலகை இஞ்சுங்க."

ஓடைக்காட்டில் போய் நின்றேன், அவர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் ஒரு தகடு கட்டியிருந்தது, நடுவில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டு. அதற்குத்தான் பலகை என்று பெயராம். ரிக்கு வண்டிக்காரர்கள் போர் போட்டு முடித்ததும் தண்ணீரைத் தேக்கி இந்த வெட்டு வழியாக வழியவிட்டு, எத்தனை இஞ்சு உயரத்துக்கு வழிகிறது என்று பார்ப்பார்களாம். ஓடைக்காட்டில் பாதி வீடு ரிக்குக்குப் போகிறவர்கள். அவர்கள் வாயில் இஞ்சு என்றால் இதுதான். இரண்டு ஊரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. சொல் ஒன்று, அளவு இரண்டு. மோட்டாரைப் போட்டோம். பலகையில் ஒரு இஞ்சு வழிந்தது. பகல் பூராவும் அங்கேயே கிடந்தோம். பொழுது சாயும்போதும் அதே ஒரு இஞ்சு.

என்னைக் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தகட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கே எனக்கு இடிச்சுதுங்க மேடம். கரட்டுப் பூமியில ரெண்டு இஞ்சு வராதேன்னு. எந்த இஞ்சுன்னு கேக்க வாய் வந்துதுங்க. நீங்க சத்தம் போட்டதும், எதுக்குச் சண்டைன்னு உட்டுட்டேனுங்க. தப்பு எம்மேலயும் இருக்குது."

இதை நன்றாகப் படியுங்கள். என் வாயும் அவருடைய மரியாதையும் சேர்ந்து ஓர் ஊரின் குடிதண்ணீரை அழிக்கப் பார்த்திருக்கின்றன. இரண்டு மாவட்டம் சேர்ந்து வேலை செய்வது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அன்று அந்த அறையில் அவர் ஒரே ஒரு தரம் மேசையைத் தட்டியிருந்தால், நான் ஒரே ஒரு தரம் வாயை அடக்கியிருந்தால் போதும்.

அன்று மாலையே இரண்டு கலெக்டர்களுக்கும் குறிப்பு எழுதினேன். படிவம் என்னுடையது, தவறு என்னுடையது, இடத்தை மாற்ற வேண்டும். பதில் உடனே வந்தது: ஊர் ஒத்துக்கொண்டால் மாற்றுங்கள், கலாட்டா கூடாது. ஆக, செவ்வாய்க்கிழமை காலை, மோட்டார் போடுவதற்கு முன்பே, கரட்டூரில் மாலை வாங்கிய அதே கழுத்தோடு போய் நின்றேன். நாமக்கல்காரர் தானும் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா நாமக்கல்தான் பறிச்சுக்கிட்டதுன்னு ஆயிடும், ரோட்டிலேயே நில்லுங்க" என்றேன். நிற்காமல் வந்துவிட்டார். அவர் என் பேச்சைக் கேட்காதது அதுதான் முதல் தடவை.

சொல்லி முடிப்பதற்குள் ஊர் பொங்கிவிட்டது. "எங்க கொட்டாயைத் தூக்கி நாமக்கல்லுக்குக் குடுத்துட்டீங்களா?" "இந்தாளு கூடவே வந்து நிக்கறாரு பாரு!" தண்ணீர் போதாது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பாவாயி பேச்சை நான் எடுக்கவே இல்லை, நானே அளந்ததாகச் சொன்னேன். அதுவும் பொய்தான். தலைவருக்கு அது போதவில்லை. "மேடம் என்னத்த அளந்தாங்களோ. நம்ம பாவாயி சொல்லட்டும். ஏம் பாவாயி, ரெண்டு இஞ்சு தண்ணி இருக்குதா இல்லியா?"

மொத்த ஊரும் அவள் பக்கம் திரும்பியது. பக்கத்திலேயே கோமதி நின்றாள். பாவாயி மகளைப் பார்த்தாள். நேராக மோட்டார் ரூமுக்கு நடந்தாள், சுவிட்சைப் போட்டாள், வெளியே வந்து குழாயின் வாயைத் தொட்டியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் வைத்தாள். "பெரிய கொடம், அண்டா இருக்கறவங்க கொண்டாந்து புடிங்க. வீணாக வேண்டாம். அல்லாரும் இங்கியே நில்லுங்க" என்றாள்.

தண்ணீர் கொட்டியது. இரண்டு இஞ்சு முழுசாக, கண்ணாடி மாதிரி. "பாத்தீங்களா, எவ்வளவு தண்ணி!" என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். பெண்கள் குடத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். கால் மணி, அரை மணி. சிலர் கிண்டல் செய்தார்கள், சிலர் பீடி பற்றவைத்தார்கள். நாமக்கல்காரர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி ஆக இன்னும் எட்டு நிமிஷம் இருக்கும்போது குழாய் ஒரு தரம் இருமியது. தண்ணீர் வந்தது. மறுபடி இருமியது. பிறகு வெறும் காற்று உஸ்ஸென்று வந்தது, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர், மறுபடியும் காற்று. பாவாயி அசையாமல் நின்றாள். சுவிட்சை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

கோமதிதான் உள்ளே போனாள். "போதும்மா, மோட்டாரு கருகிரும்" என்று சொல்லிக்கொண்டே அணைத்துவிட்டு வந்தாள். தலைவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அங்கியே கட்டுங்க மேடம்" என்றார்.

ஓடைக்காட்டில்தான் கட்டினோம். அடுத்து நடந்த கூட்டுக் கூட்டத்தில், வேலைக்கு ஆள் எடுப்பதும் ஓடைக்காட்டிலேயே என்று நாமக்கல் தரப்பில் சிலர் சொன்னார்கள். நான் சண்டைக்குத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்கு வேலையே வைக்கவில்லை. நாமக்கல்காரர் எழுந்து நின்று, பேனாவை மூடாமல், தன் மாவட்டத்துக்காரர்களைப் பார்த்தே சொன்னார்: "தண்ணி நம்முளுதுங்க. மயங்கி உழுந்தது அவங்க புள்ளைங்க. பாதித் தறி கரட்டூருக்குங்க. கூட்டிட்டு வர வேன் உடோணும். இல்லீன்னா இது கூட்டுத் திட்டம்னு எங்கியும் எழுதாதீங்க." அவருடைய ஆட்கள் அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. பாதித் தறி கரட்டூருக்குக் கிடைத்தது.

ஆனால் இடம் மாற்றியதில் வேலை தள்ளிப்போயிற்று. கூடம் திறந்தது ஆடியில். அந்தச் சித்திரை முழுவதும் கோமதி தகரக் கொட்டாயிலேயே தறி ஓட்டினாள். ஒரே ஒரு கட்டத்தை நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த வெயிலை அவள் பட்டிருக்க வேண்டியதில்லை. மற்ற எதையும் மன்னித்துக்கொண்டேன், இதை முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் படிவத்தைத் திருத்தினேன். பத்தாவது கட்டம், 'எத்தனை இஞ்சு? பைப்பா, பலகையா?' பதினோராவது நீங்கள் சிரித்தது, மோட்டார் போட்டு எத்தனை நிமிஷத்தில் காத்து வாங்குகிறது என்பது. மேலே அனுப்பியதும் 'நீர்வரத்து தடைப்படும் வரையிலான கால அளவு' என்று மாற்றி அனுப்பினார்கள். நான் அடித்துவிட்டுப் பழையபடி எழுதினேன். மறுபடி மாற்றினார்கள், மறுபடி அடித்தேன். பாவாயிக்குப் புரியாத கேள்விக்குப் பாவாயி என்ன பதில் சொல்வாள் என்று கேட்டு எழுதியதும் விட்டுவிட்டார்கள்.

உங்களில் ஒருவர் 'மாலை 5 முதல் 6 வரை' என்று எழுதிய படிவம் எந்த ஊருடையது என்று விசாரித்தேன். கரட்டூர். அதனால் போன வாரம் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன். சித்திரை வெயில், பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாவாயி அதே மோட்டார் ரூம் வாசலில் இருந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். கோமதி வேனில் வேலைக்குப் போயிருந்தாள்.

"ஒரு தம்பி வந்துச்சுங்க மேடம். தொட்டியைப் போட்டோ புடிச்சுது. போயிருச்சு. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க" என்றாள். பிறகு, "பேப்பர் கொண்டாந்தீங்களா?" என்றாள்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் பாவாயி."

"அதுக்கென்னுங்க? முப்பத்தஞ்சு நிமிசம். எழுதிக்குங்க."

காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். இத்துடன் குத்தி அனுப்பியிருக்கிறேன். கரட்டூர், பதினோராவது கட்டம். ஆனால் இதைப் பார்த்து நிரப்ப வேண்டாம். மாலை ஐந்து முதல் ஆறு என்று எழுதியவர் நாளைக் காலை ஆறு மணிக்குக் கைக்கடிகாரத்தோடு பாவாயி பக்கத்தில் போய் நின்று, காது கொடுத்துக் கேட்டு, அவர் கையாலேயே நிரப்பட்டும்.